மூன்று கிரெடிட்

அந்த மாணவி என் அறைக்கு வந்தது 2012 அக்டோபரில். நியூஜெர்சியில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி ஆண்டு. பகலில் வகுப்பு, இரவில் சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிகளில் சரக்கு அடுக்கும் வேலை. முந்தைய ஆண்டு புள்ளியியல் வகுப்பைப் பாதியில் விட்டிருந்தாள். இந்த செமஸ்டரில் எடுக்கலாமென்றால் அதே நேரத்தில் இன்னொரு கட்டாயப் பாடம். "புரொபசர், ஜனவரியில் புள்ளியியல் நடத்துவீர்களா?" என்று கேட்டாள்.

அவளுடைய கணக்கு சரியான கணக்கு. உளவியல் துறையில் ஆராய்ச்சி முறைகள் என்றொரு பாடம் உண்டு. புள்ளியியல் தேறினால்தான் அதில் சேரலாம். எங்கள் கல்லூரியில் அதை வசந்த செமஸ்டரில் மட்டுமே நடத்தினார்கள். ஜனவரியில் புள்ளியியலை முடித்தால் வசந்தத்தில் அதைப் படித்து மே மாதம் பட்டம் வாங்கிவிடலாம். முடிக்காவிட்டால் வசந்தத்தில் புள்ளியியல், மற்றதற்கு அடுத்த வசந்தம். ஒரே பாடத்துக்காக முழுதாக ஒரு வருஷம்.

கிறிஸ்துமஸுக்கும் ஜனவரிக் கடைசிக்கும் நடுவே அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்பறைகள் காலியாகக் கிடக்கும். அந்த இடைவெளியில் மூன்று வாரப் பாடங்கள் நடத்துவதைக் குளிர்கால அமர்வு என்பார்கள். எங்கள் துறையில் அதைத் தொடங்கலாமா என்ற பேச்சு சரியாக அந்த மாதம்தான் வந்திருந்தது. கூடாது என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதியவன் நான். பதினைந்து வாரம் ஊற வேண்டியதை மூன்று வாரத்தில் திணிப்பது கல்வியல்ல, தரம் போய்விடும் என்று எழுதினேன். என் கடிதத்தைப் படித்தபின் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த மாணவியிடமும் அதையே சொன்னேன். ஒரு வருஷம் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, எனக்கும் அப்படிப் போயிருக்கிறது என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

எனக்கும் போனது உண்மைதான். 1991 ஏப்ரலில், திருநெல்வேலிப் பக்கம் பி.எஸ்ஸி. கணிதம் படித்த எனக்குக் கடைசி செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் விழுந்தது. திரும்ப எழுத நவம்பர்வரை காத்திருக்க வேண்டும். அதன் முடிவு வருவதற்குள் எம்.எஸ்ஸி. சேர்க்கை எப்போதோ முடிந்திருக்கும். அந்த ஒரு வருஷம் எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் நின்றேன். என் வகுப்பில் படித்தவர்களே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவருவார்கள். நான் பிரதி எடுத்துக் கொடுப்பேன். அந்த ஜூன் மாதத்தை என்னால் இன்றைக்கும் நினைக்க முடியாது.

ஆனால் இருபது வருஷத்தில் அந்தக் கதையை மாற்றிச் சொல்லப் பழகியிருந்தேன். அந்த வருஷம்தான் என்னைப் பக்குவப்படுத்தியது என்று மாணவர்களிடம் சொல்வேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். வேறு வழியில்லாமல் காத்திருந்ததைத் தவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காத்திருப்பு என்னைச் சாய்க்காததற்குக் காரணம் வேறு. அப்பா வீடு இருந்தது. வேளைக்குச் சோறு இருந்தது. அடுத்த ஜூனில் போய்ச் சேர்ந்துகொள் என்று சொல்ல அக்கா இருந்தாள்.

2015 தொடக்கத்தில் மாணவர்களுக்குப் பாடத் திட்டம் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பட்டம் முடிக்காமல் நின்றவர்களின் பட்டியலை முதல்முறையாகக் கையில் கொடுத்தார்கள். அதில் அவள் பெயர் இருந்தது. பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். அவள் 117 முடித்திருந்தாள். பாக்கி ஒரே பாடம். ஆராய்ச்சி முறைகள், 3 கிரெடிட்.

அவளோடு படித்த ஒருவரிடம் விசாரித்தேன். 2013 மே மாதத்துக்குப் பிறகு எடுக்க வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று என்பதால் அவள் முழுநேர மாணவியாக இல்லை. உதவித்தொகை சுருங்கியது. முழுநேர வேலைக்குப் போனாள். 2014 வசந்தத்தில் அந்த வகுப்பு வந்தபோது அதன் நேரம் செவ்வாய், வியாழன் காலை பதினொரு மணி. அவளுடைய ஷிப்ட்டும் அதே நேரம்.

அந்தப் பட்டியலோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பேர் இப்படி விளிம்பில் நின்றுவிட்டார்கள்! இதற்கு ஒரு காரணம் எல்லோர் கண் முன்னாலும் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் உதவித்தொகைக்கு ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட் எடுத்தால் முழுநேர மாணவர். வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் 12-ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள். எட்டு செமஸ்டரில் 96 ஆகிறது. மீதி 24 கிரெடிட், அதாவது இன்னொரு வருஷம். விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவரே நான்கு ஆண்டில் முடிக்க முடியாது. நடுவில் ஒரு பாடத்தைக் கைவிட்டாலோ தோற்றாலோ கேட்கவே வேண்டாம். ஆண்டுக்கொரு குளிர்காலப் பாடம் எடுத்தாலே இதில் பாதிக்கடன் தீரும். கணிதம் சொல்லிக்கொடுக்கும் நான் இந்தக் கூட்டலை அதுவரை போட்டுப் பார்க்கவில்லை.

தரம் பற்றி நான் எழுதியிருந்ததும் இதே மாதிரிதான். 3 கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு மூன்று மணி, பதினைந்து வாரம், ஆக 45 மணி. தினம் மூன்று மணி வீதம் மூன்று வாரம் நடத்தினாலும் அதே 45.

அன்று கூடாது என்ற நானே துறையில் குளிர்கால அமர்வைக் கேட்டு வாங்கினேன். 2016 ஜனவரி 4 அன்று என் முதல் குளிர்கால வகுப்பு. பதினெட்டுப் பேர். மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறை போகப் பதினான்கு நாள்தான் கிடைத்தது. அதனால் தினமும் கொஞ்சம் கூடுதல் நேரம். வழக்கமான பாடக்குறிப்புகளையே அடுக்கி, ஒரு வாரத்து வீட்டுக் கணக்கை ஒரு ராத்திரிக்குக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் நான்கு பேர் இல்லை. பகலில் வகுப்பில் இருந்துவிட்டு இரவு வேலைக்குப் போகிறவர்கள் எப்போது கணக்குப் போடுவார்கள்? 2012-இல் நான் எழுதிய கடிதத்தில் பாதி பலித்துவிட்டது. அதைப் பலிக்க வைத்தவனும் நான்தான். அந்த நான்கு பேருக்கும் அன்றிரவே மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

அடுத்த வகுப்பிலிருந்து முறையை மாற்றினேன். முதல் ஒரு மணி நேரம் பாடம், மீதி நேரமெல்லாம் என் முன்னாலேயே கணக்குப் போடுவது. நான் மேசை மேசையாகப் போவேன். எந்த மாணவர் எந்த இடத்தில் தடுக்குகிறார் என்று அங்கேயே தெரிந்தது. சாதாரண செமஸ்டரில் அது தேர்வுத்தாளில்தான் எனக்குத் தெரியும், ஐந்து வாரம் கழித்து. நம்பிக்கை இடைவெளி என்ற பகுதியில் எல்லோரும் ஒரே மாதிரித் தவறு செய்ததை ஒரு காலையில் கண்டுபிடித்து அதே காலையில் திருத்தினோம். பாடத்தில் எதையும் குறைக்கவில்லை. இப்போது மற்ற செமஸ்டர்களிலும் இந்த முறையில்தான் நடத்துகிறேன்.

ஆபத்துகளும் உண்டு. இங்கே ஒரு நாள் என்பது ஒரு வாரம். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தவருக்கு இரண்டு வாரப் பாடம் போய்விடும். முன்பு கணிதத்தில் மிகவும் பின்தங்கியவரை இதில் சேர்க்கக் கூடாது என்பதில் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறேன். பணமும் ஒரு சுவர். எங்கள் கல்லூரியில் குளிர்காலப் பாடத்துக்குத் தனிக் கட்டணம், அதைக் கையிலிருந்து கட்ட முடியாதவர்கள்தான் அது அதிகம் தேவைப்படுபவர்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏஎஸ்ஏபி திட்டத்தில் குளிர்கால, கோடைப் பாடங்களோடு கட்டண உதவி, பயண அட்டை, மாணவர்களை அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இல்லாதோரில் 22 சதவீதம், இருந்தோரில் 40 சதவீதம் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாடத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு வா என்றால் போதாது.

ஜனவரி 22 வெள்ளிக்கிழமை இறுதித் தேர்வு. பெரும் பனிப்புயல் வருகிறது என்று வாரம் முழுக்க எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் தேர்வு எழுதினார்கள், அன்றிரவு பனி இறங்கியது. சனிக்கிழமை வாசல் கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே உட்கார்ந்து பதினாறு விடைத்தாள்களையும் திருத்தினேன். பதினான்கு பேர் தேறியிருந்தார்கள்.

உளவியல் துறையோடு பேசிப் பேசி, ஆராய்ச்சி முறைகள் பாடத்துக்கு மாலை வகுப்பு ஒன்று தொடங்கச் சம்மதம் வாங்கினேன். அந்த மாணவியின் கல்லூரி மின்னஞ்சல் முகவரி மூடப்பட்டிருந்தது. பதிவேட்டில் இருந்த வீட்டு முகவரிக்குக் கையாலேயே கடிதம் எழுதினேன். இப்போது மாலையில் வகுப்பு உண்டு, கட்டணத்துக்கு வழி பார்க்கலாம், 2012-இல் நான் உங்களுக்குச் சொன்னது தவறு என்று எழுதினேன்.

கடிதம் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த மாலை வகுப்பின் பெயர்ப் பட்டியல் வந்ததும் முதலில் அவள் பெயரைத்தான் தேடுகிறேன்.