அப்பாவின் ஸ்கூட்டர்

நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசை கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் இரும்பைத் தொட்டு வேலை செய்ய எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. அப்பாவின் மறைவுக்குப் பின், திண்ணையோரம் நின்ற அவருடைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கு நானே வண்ணம் பூசத் துணிந்தேன்.

1946இல் இத்தாலியில், கொரதினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியாளர் வடிவமைத்த வெஸ்பாவின் வழிவந்தது சேத்தக். 1972இல் வெளிவந்த அவ்வண்டிக்கு இராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைச் சூட்டினர். பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்தே அப்பா அதைப் பெற்றார். வளைத்த எஃகுத் தகடே அதன் தோலும் எலும்பும். துரு அரித்தால் வண்டியே வலுவிழக்கும்.

இதை அறிந்திருந்தும் அவசரப்பட்டேன். பழைய பூச்சின்மீதே புதிய வண்ணத்தைத் தெளித்தேன். ஆடி மாதம், காற்று வாரியிறைத்த புழுதி ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சில வாரங்களில் துருவிருந்த இடமெல்லாம் கொப்புளம் கண்டது.

பார்க்க வந்த முதிய பெயிண்டர் ஒருவர் சொன்னார்: “துருவ மூடாதீங்க வாத்தியாரே, எடுங்க. மூடுனா உள்ளயே இருந்து தின்னும்.”

பக்க மூடிகளைக் கழற்றினேன். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெறும் தகடு தெரியும்வரை எமரித்தாளால் தேய்த்தேன். இடப்பக்க மூடியில் வண்ணத்திற்கு அடியில் தடித்த பட்டி தென்பட்டது. உட்புறம் திருப்பினேன், ஒழுங்கற்ற சுத்தியல் தடங்கள். தேர்ந்த கையின் வேலையன்று அது.

பதினோராம் வகுப்பில், அப்பா அறியாமல் வண்டியை எடுத்துச் சென்று மோகனூர்ச் சாலையில் விழுந்தேன். நசுங்கிய பக்கத்தைச் சுவரோரம் மறைத்து நிறுத்திவிட்டு வாய்மூடி இருந்தேன். ஒரு வாரத்தில் நசுங்கல் மறைந்திருந்தது. அப்பா எதுவும் கேட்கவில்லை. பட்டறையில் கொடுத்திருப்பார் என்றே எண்ணினேன். கூலி கொடுக்க இயலாமல், நான் பள்ளி சென்ற வேளையில் தாமே தட்டி நிமிர்த்தியிருக்கிறார்!

ஆடி கழிந்தபின், பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, நீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்த்து, மெல்லிய பூச்சாக மும்முறை வண்ணம் தெளித்தேன். ஒவ்வொரு பூச்சும் உலரக் காத்திருந்தேன். உட்புறத் தடங்களை மட்டும் நிமிர்த்தவில்லை. துருவேறாதபடி பிரைமர் மட்டும் பூசினேன்.

அவர் என் பிழையை மூடினார், அஃது அன்பு. நானும் மூடினேன், அஃது அச்சம். அவரிடம் சொல்ல நாற்பது ஆண்டுகள் இருந்தன, சொல்லவில்லை. உங்கள் வயதில் நான் சொல்லத் தவறியதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.