மூன்று காயங்கள்: ஆலன் ஷியரர் விடைபெற்ற கதை

1992 டிசம்பர் 26

எதிரணியின் கோலுக்கு மிக அருகில் நின்று கோலடிப்பதையே முதற்கடமையாகக் கொண்ட ஆட்டக்காரர் கால்பந்தில் முன்கள வீரர் எனப்படுகிறார். அத்தகையவரின் ஓய்வை அவருடைய கடைசி ஆட்டத்தின் நாளைக்கொண்டு குறிப்பதே வழக்கமாயினும், இங்கிலாந்தின் ஆலன் ஷியரரைப் பொறுத்தவரை அந்தக் கணக்கை இந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்துக்காக லீட்ஸ் அணியை எதிர்த்து ஆடியபோது, முழங்காலுக்குள் குறுக்காக ஓடி எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் அவருக்குச் சேதமுற்றது. வயது 22 ஆதலால் உடல் முழுமையாகத் தேறியது. அடுத்த பருவத்தில் 31 லீக் கோல்களும், பிளாக்பர்ன் பிரீமியர் லீக் பட்டம் வென்ற 1994–95 பருவத்தில் 34 கோல்களும் அடித்தார்.

1997 ஜூலை 26

முந்தைய ஆண்டு, அதுவரை உலகில் எவருக்கும் தரப்படாத ஒன்றரைக் கோடி பவுண்டு மாற்றுத் தொகைக்கு, தம் சொந்த ஊரின் கழகமான நியூகாசில் யுனைடெட்டில் சேர்ந்திருந்த ஷியரர், லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் நடந்த பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் கணுக்காலில் கடும் காயமடைந்து, 1998 ஜனவரி வரை களமிறங்க இயலாது போனார். மீண்டபோது பழைய வேகம் குறைந்திருந்தது. ஆனால் ஆட்டத்தின் அறிவு குறையவில்லை. தடுப்பாட்டக்காரரை முதுகால் தாங்கிக்கொண்டு, தொலைவிலிருந்து வரும் பந்தை நிறுத்தி, தோழர்கள் வந்து சேரும்வரை காத்துத் தரும் திறனை அவர் தம் ஆட்டத்தின் மையமாக்கிக்கொண்டார். ஓட்டத்தைவிட உடல்வலிமையும் கணிப்புமே இத்திறனுக்கு அடிப்படை என்பதால், முதுமை அதை எளிதில் பறித்துவிடுவதில்லை. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கோப்பையோடு, 63 ஆட்டங்களில் 30 கோல்கள் அடித்த நிலையில் தேசிய அணியிலிருந்து விலகியதும், எஞ்சிய வலிமையைக் கழகத்துக்கென்றே சேமித்துவைக்கும் முடிவாகவே அமைந்தது.

2006 பிப்ரவரி 4

2005இலேயே ஓய்வுபெற எண்ணியிருந்தவர், பயிற்சியாளர் கிரீம் சூனெஸ் வற்புறுத்தியதால் மேலும் ஒரு பருவம் ஆடச் சம்மதித்தார். அதன் பயனாக, நியூகாசிலின் சொந்தக் களமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் போர்ட்ஸ்மத்துக்கு எதிராக 201ஆவது கோலை அடித்து, ஜாக்கி மில்பர்ன் 1957இல் கழகத்தைவிட்டுப் போனபோது நிறுவிச்சென்ற 200 கோல் சாதனையைத் தாண்டினார்.

2006 ஏப்ரல் 17

அண்டை ஊர்ப் பகையணியான சண்டர்லாந்தை அதன் களத்திலேயே நியூகாசில் 4–1 என வென்ற ஆட்டத்தில், கோல் காப்பாளர் ஒருவரை மட்டும் எதிர்த்து உதைக்கக் கிடைக்கும் பெனால்டி வாய்ப்பில், கழகத்துக்கான தம் 206ஆவது கோலை ஷியரர் அடித்தார். சிறிது நேரத்தில் முழங்காலின் உட்பக்கத் தசைநார் காயமுற்றது. பருவத்தில் மூன்று லீக் ஆட்டங்களே எஞ்சியிருக்க, 35 வயது உடல் தேறி வருவதற்குக் காலம் இடந்தரவில்லை.

2006 மே 11

நெடுங்காலம் உழைத்த வீரரைச் சிறப்பிக்க நடத்தப்படும் பாராட்டு ஆட்டத்தின் வருவாய் அவ்வீரருக்கே சேர்வது பழைய மரபு. ஷியரரோ, ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்தோடு நடந்த தம் ஆட்டத்தின் வருவாயை அறப்பணிகளுக்கு அளித்தார். காயத்தால் முழு ஆட்டமும் ஆட இயலாதவர், இறுதியில் களம் புகுந்து ஒரு பெனால்டி கோலை அடித்து விடைபெற்றார். நியூகாசிலுக்காக ஒரு பெருங்கோப்பையும் வெல்லாதவர் என்ற குறை அவர்மீது சுமத்தப்படுவதுண்டு. ஆயினும், இன்றுவரை முறியடிக்கப்படாத அவருடைய 260 பிரீமியர் லீக் கோல்களில் ஏறத்தாழப் பாதி இரண்டாம் காயத்துக்குப் பின் வந்தது என்பதை நோக்க, முன்கள வீரரின் பெருமையை அவர் வேகத்தின் உச்சியில் அளப்பது போதாது. வேகம் போனபின் எதைக் கற்றார் என்பதைக்கொண்டு அளப்பதே நேர்மையான அளவீடாகும்.