ஸ்டாக்ஹோம் பன்னும் போடி பாசஞ்சரும்

என் மச்சான் ஒன்பது நாள் ஐரோப்பா போய்விட்டு வந்தார். ஆள் வந்து ஐந்து மாதமாகிறது. பேச்சு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை, அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம் என்று ஆறு ஊர். எல்லாம் ரயிலில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்து, செல்போனை அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டி ஒவ்வொரு படமாகத் தள்ளுவார்.

"பாரிஸ்ல ஏறி ஒரு காபி குடிச்சு முடிக்கிறேன், பிரஸ்ஸல்ஸ் வந்துடுச்சு அத்தை. ஒன்றரை மணி நேரம்கூட ஆகல."

"அங்கே என்ன பார்த்தீங்க மாப்பிள்ளை?"

"ஒரு சின்னப் பையன் சிலை. ஒண்ணுக்குப் போய்க்கிட்டே இருப்பான். ரெண்டடி உயரம்தான். உலகமே வந்து பார்க்குது!"

அம்மா எதிர்வீட்டு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றாள். அக்கா முறைத்தாள்.

கடைசியாக ஸ்டாக்ஹோம். ஒரு தட்டு. அதில் பின்னல் பின்னலாக ஒரு பன். மேலே கறுப்புக் கறுப்பாகப் பொடி.

"இது என்ன தெரியுமா அத்தை? ஏலக்காய் பன்! ஸ்வீடன்காரன் காபிக்கு இதைத்தான் கடிக்கிறான்."

அம்மா போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி (இதை எப்போது கற்றுக்கொண்டாளோ!) உற்றுப் பார்த்தாள்.

"நம்ம காயா மாப்பிள்ளை?"

மச்சான் விழித்தார். நான் பி.காம். வியாபார விஷயம் என்றால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. "குவாதிமாலா காயா இருக்கும்மா. உலகத்துலேயே அதிகமா விளையற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. நூறு வருஷம் முன்னாடி ஒரு ஜெர்மன்காரர் கொண்டுபோய் நட்டு வெச்சது" என்றேன்.

"பொடி பண்ணிட்டா எந்தக் காய்னு யாரு கண்டா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள் அம்மா. பிறகு, காய்கறிக்காரனிடம் சில்லறை கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்: "இருபத்தாறு வருஷம் காய் பொறுக்கினேன். அந்தச் செடி எப்படி இருக்கும்னு பார்த்ததில்ல."

மச்சானின் செல்போனில் அடுத்த படம் வரவில்லை.

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏலக்காய் விளைவது மலையில். காய்ந்த பிறகு விற்பனைக்கு இறங்கும் ஊர் போடி. ஏலக்காயையே ஏலம் போடும் ஊர்! (இந்த ஜோக்கைப் போடிக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் பாட்டன் காலத்திலேயே கேட்டுவிட்டார்கள்.) வியாபாரிகளின் கிடங்குகளில் பெண்கள் சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்து வெடித்தது, கறுத்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது என்று பொறுக்கித் தள்ளுவார்கள். சல்லடையில் சலித்து அளவு பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் உருண்டு திரண்டு பச்சையாக இருந்தால் ராஜா காய்.

அம்மா வேலை முடிந்து வந்தால் வீடே பாயசம் மாதிரி மணக்கும். பாயசம்தான் இருக்காது. அந்தக் கூலியில்தான் நான் டெபிட், கிரெடிட் படித்தேன். போடியில் எங்கள் வாசலில் நின்றால் மலை தெரியும். ஆனால் ஒரு நாள் மலைக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. முழங்கால் மடங்க மறுத்த பிறகு அம்மாவை மதுரைக்கு அழைத்து வந்துவிட்டேன். மலையும் போச்சு.

"வர்ற புதன்கிழமை நாம டூர் போறோம்" என்றேன்.

"எங்கடா?"

"ஐரோப்பா மாதிரிதான். ரயில்லேயே."

மதுரையிலிருந்து போடி 90 கிலோமீட்டர். இந்த ரயில் பாதையின் ஜாதகமே விசேஷமானது. 1928-ல் வெள்ளைக்காரன் போட்டான். இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் 1942-ல் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். சுதந்திரம் வந்து, 1950-களில் மறுபடியும் போட்டோம். 2010 டிசம்பர் கடைசியில் அகலப் பாதை ஆக்குகிறோம் என்று மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். "ரெண்டு வருஷத்துல வந்துடும்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தேனி வரை வர 2022 மே ஆயிற்று. போடிக்கு 2023 ஜூன். நடுவில் ஒரு குழந்தை பிறந்து, ஏழாம் கிளாஸுக்கே போய்விட்டது!

காலையில் மதுரையில் ஏறினோம். இரண்டு டிக்கெட்டின் விலை, சினிமாத் தியேட்டரில் பாப்கார்ன் பாதிப் பொட்டலம். ஜன்னலோரம் அம்மா. தூக்குவாளியில் புளிசாதம். ஐரோப்பாவில் ரயிலுக்குள் புளிசாதம் சாப்பிட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. இங்கே எதிர் சீட்டுக்காரர், "கொஞ்சம் ஊறுகாய் இருக்கு, வேணுமா தாயி?" என்றார்.

உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாய். பாறையை வெட்டி வழி செய்திருக்கிறார்கள். ரயில் அதற்குள் நுழைகிறபோது பெட்டியில் இருந்த அத்தனை வாண்டுகளும் ஒரே குரலில் "ஓ"வென்று கத்தின. அம்மாவும் கத்தினாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டதற்கு, "தொண்டை கமறுச்சு" என்றாள்.

ஆண்டிபட்டி ஸ்டேஷனில், "இது எந்த ஊர் தெரியுமா? எம்.ஜி.ஆர். அமெரிக்காவுல ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஜெயிச்ச ஊர்" என்று கைடு வேலை பார்த்தேன்.

"1984-ல நானும் இவரும் ஓட்டுக் கேட்டு இந்த ஊருக்கு லாரியில வந்தோம். நீ பொறக்கவே இல்ல. பேசாம உக்காரு" என்றாள் அம்மா. கைடு வேலை அத்தோடு ராஜினாமா.

தேனி தாண்டினால் ஜன்னலில் மேற்கு மலை கூடவே வருகிறது. தென்னை, வாழை, அதற்கு மேல் நீலமாக ஒரு சுவர். பாதை அந்தச் சுவரின் அடியில் போய் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை; போடி.

அதாவது, இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் இருந்தது! மலைக்கு மேலே, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் டீத் தோட்டக்காரர்கள் 1902-ல் ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று போட்டார்கள். 1908-ல் அதை இரண்டடி அகலச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் டீப் பெட்டிகள் தொங்கிக்கொண்டே கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டி கட்டிப் போடி. அப்புறம் ரயில், கப்பல், இங்கிலாந்து! 1924 வெள்ளம் அந்தச் சின்ன ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. மச்சான் ஐரோப்பாவுக்கு ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே எங்கள் ஊர் வழியாக ஐரோப்பாவுக்கு டீ போயிருக்கிறது என்பதை இதன் மூலம் அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

போடியில் இறங்கி பஸ். முந்தலில் மலை ஆரம்பம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவுக்காக ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவைத்திருந்தேன். ஆறாவது வளைவில் அது தேவைப்பட்டது. எனக்கு.

அம்மா வெளியே தலையை நீட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பத்தாவது வளைவில் மேகம் விலகி, கீழே போடி தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தது.

"நம்ம கிடங்கு எதுடா?"

நான் கண்ணை மூடியபடியே ஒரு திசையைக் காட்டினேன்.

போடிமெட்டு சுமார் 4,500 அடி. குளிரில் பல் தந்தியடித்தது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. அங்கிருந்து ஜீப் பிடித்து, கல்லூரிச் சினேகிதன் ஒருவன் கணக்கு எழுதும் ஏலத் தோட்டத்துக்குப் போனோம். பெரிய பெரிய மரங்கள். அவற்றின் நிழலில் ஆளை விட உயரமாக, மஞ்சள் செடியை இழுத்து நீட்டியது போல ஏலச்செடிகள். இஞ்சி, மஞ்சள் குடும்பம்தான்.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். இலையை விலக்கிப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"காய் எங்கடா?"

"கீழே பாருங்கம்மா" என்றான் சினேகிதன்.

செடியின் தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி, தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. அதில் பச்சைக் காய்கள். நடு நடுவே ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ.

"அடியிலயா காய்க்குது!" என்றாள் அம்மா. "நான் இத்தனை வருஷமா, மேல கொத்தா தொங்கும்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மடங்காத முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். ஒரு காயைப் பறித்து உருட்டினாள். முகர்ந்தாள். நகத்தால் கீறி மறுபடியும் முகர்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அங்கே நிற்க ஒரு மாதிரியாக இருந்தது. செருப்பில் அட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தேன்.

பக்கத்துச் செடியில் காய் எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி நிமிர்ந்தாள். கிட்டத்தட்ட அம்மா வயசு. இடுப்பில் பை, தலையில் முண்டாசு.

"எந்த ஊரு?"

"போடிதான். காய் பொறுக்குனவ."

"நானும் போடிதான். வெள்ளன ஜீப் ஏறினா இருட்டித்தான் இறங்குவேன்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இதுல எட்டு எம்.எம்., ஏழு எம்.எம்.ங்கிறாங்களே, அது எப்படி? நான் பார்த்ததே இல்ல. ஈரக் காயோட நம்ம ஜோலி முடிஞ்சுபோகுது."

அம்மா அவளுடைய பையில் கை விட்டு ஒரு பிடி அள்ளினாள். இடது உள்ளங்கையில் பரப்பி, வலது விரலால் தள்ளித் தள்ளி, "இது காஞ்சா எட்டு நிக்கும். இது ஏழு. இது பிஞ்சு, சுருங்கிப்போகும். இதை இன்னும் பத்து நாள் விட்டிருக்கணும்" என்றாள். அந்த அம்மாள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வருகிற சத்தம் கேட்டு எழுந்து போனாள்.

சினேகிதன் எங்களைக் காய வைக்கும் இடத்துக்கு அழைத்துப் போனான். ஸ்டோர் என்று பெயர். கிட்டத்தட்ட ஒரு நாள் பூராவும் சூட்டில் கிடந்தால், சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகும். பிறகு போடியிலோ, இடுக்கி மாவட்டம் புற்றடியிலோ ஸ்பைசஸ் போர்டின் கூடத்தில் கம்ப்யூட்டரில் ஏலம். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது.

"ஏழாயிரமா!" என்றாள் அம்மா. "அந்த வருஷம் பொறுக்குறவளுக்கு எவ்வளவு கொடுத்தாங்களாம்?"

பி.காம். படித்த இரண்டு பேரும் புகைபோக்கியைப் பார்த்தோம்.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். (போக நினைப்பவர்கள் கவனிக்க: காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பிவிடலாம், நேரத்தை மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் காய் எடுப்பு பார்க்கலாம். தோட்டத்துக்குள் சொல்லாமல் நுழையாதீர்கள். எலுமிச்சம்பழம் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.) கணவாயில் இருட்டிவிட்டது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தானை முடிச்சில் நாலு பச்சைக் காய்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். "என்ன அத்தை, டூரெல்லாம் போனீங்களாமே! எத்தனை ஊர் பார்த்தீங்க?"

"ஊரெல்லாம் பார்க்கல மாப்பிள்ளை. ஒரு செடி பார்த்தேன்" என்றாள் அம்மா. "அது கெடக்கட்டும், அந்த பன்னு படத்தை எடுங்க."

மச்சானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படத்தை எடுத்து நீட்டினார். அம்மா அதை வாங்கி, பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இந்தா பாரு, ஏலக்காய் பன்னு. இந்தக் காய் செடியில எங்க காய்க்கும், சொல்லு பார்ப்போம்?"