தெளிந்த நீரும் பசித்த புழுவும்

கடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம் என எண்ணுவது பேராசைதான். எனினும் அவ்வாசைக்கு நாமும் ஆட்பட்டோம். விலங்கியல் பயின்ற தம்பி அமைத்துத் தந்த உப்புநீர்த் தொட்டி நம் வரவேற்பறையை அழகு செய்து வருகிறது. வகுப்பில் நெய்தல் நிலத்தை விரித்துரைக்கும் நமக்குக் கடலுயிர்களைப் பற்றித் தெரிந்தது எத்துணைச் சொற்பம் என்பதை அத்தொட்டியே உணர்த்திற்று.

கடைக்காரர் ‘கடற்பூ’ என்று தந்த ஒன்றை அதில் வைத்தோம். பழுப்பும் வெண்மையும் வரியோடிய இறகுக் கொத்து, விரித்த விசிறிபோல் அசைந்தது. ஆவலுடன் கை நீட்டினோம். நிழல் பட்ட அளவிலேயே குழலுக்குள் மறைந்துவிட்டது! பூவும் நாணுமோ என வியந்து நின்ற நம்மைக் கண்டு தம்பி நகைத்தான்.

“காக்கா, இது பூ இல்லை, புழு. மண்புழுவுக்கும் அட்டைக்கும் சொந்தம்.”

விசிறிப் புழுவை இனங்காண அவன் கற்பித்த அடையாளங்கள் எளியவை. குழல் தோல்போல் வளையுமாயின் அது சபெல்லிடே குடும்பம். தன் சளியோடு மணலும் சேறும் குழைத்துத் தானே கட்டிய வீடு அது. நம்முடையது இவ்வகையே. குழல் சுண்ணாம்பாய் இறுகியிருப்பின் செர்ப்புலிடே. புழு உள்ளே சென்றதும் வாயிலைச் சிறு மூடியொன்று அடைப்பதையும் பெரும்பாலும் காணலாம். பவளத்தின்மேல் இரட்டைச் சுருளாய் நிற்கும் கிறிஸ்துமஸ் மரப்புழு இக்குடும்பத்ததே. குழலிருந்தும் இறகின்றிச் சளிவலை வீசுவது புழுவே அன்று, ஒருவகை நத்தை.

இறகுக் கொத்தே இப்புழுவுக்கு வலையும் மூச்சுறுப்பும். அதிலுள்ள நுண்மயிர்கள் நீரை ஈர்க்கும். வந்து சேரும் துகள்களில் நுண்ணியவை உணவாகும், நடுத்தரமானவை குழல் கட்ட உதவும், பெரியவை தள்ளப்படும். எந்தக் கொத்தனார் இவ்வளவு பக்குவமாய் மணல் சலிப்பார்?

மூன்றாம் மாதம் ஒரு காலையில் அவ்விறகுக் கொத்து முழுதும் அறுந்து மணலில் கிடந்தது. இறந்ததென முடிவு செய்து குழலை எடுத்தெறியக் கை வைத்தோம். “வேணாம் வாப்பா” எனத் தடுத்தாள் மகள். தம்பியைத் தொலைபேசியில் அழைத்தோம்.

“குழல் நாறுதா?”

“இல்லை.”

“அப்படின்னா உசுரு இருக்கு. பட்டினி போட்டுட்டீங்க காக்கா.”

அச்சொல் சுட்டது. வந்தோரிடமெல்லாம் நீரின் தெளிவைக் காட்டிப் பெருமை பேசியவர் நாம். அத்தெளிவுக்காக இரவும் பகலும் ஓடிய வடிகட்டியும் நுரைநீக்கியும் அதன் உணவான நுண்ணுயிர்களை வாரிக்கொண்டு போயின. மீனுக்கிட்ட இரையின் மிச்சமே இதற்கும் போதும் என்றிருந்தது நம் அறியாமை.

அன்றுமுதல் நுரைநீக்கியை அரைமணி நேரம் நிறுத்தி, நுண்பாசிக் கரைசலை மெல்லிய நீரோட்டத்தில் சொட்டுச் சொட்டாய் விட்டோம். அளவு மிஞ்சினால் நீர் கெடும். அதிலும் விழிப்பு வேண்டும். நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி அளவில் நிலைத்திருக்கப் பார்த்துக்கொண்டோம். மீன் நோய்க்கென வைத்திருந்த செம்பு கலந்த மருந்தை அப்புறப்படுத்தினோம். புழுவுக்கு அது நஞ்சு. வண்ணத்துப்பூச்சி மீன் வேண்டுமென நெடுநாள் கேட்டுவந்த மகள், அது இறகைக் கொறிக்கும் என்றறிந்ததும் அப்பேச்சையே விட்டுவிட்டாள்.

ஐந்தாம் வாரம் குழல் வாயில் வெளிறிய குறுங்கொத்தொன்று எட்டிப் பார்த்தது. முன்னையதில் பாதியளவும் இல்லை. மகள்தான் முதலில் கண்டாள். இம்முறை நாம் கை நீட்டவில்லை. நம் நிழல் படாதவாறு அறையின் மறுகோடியில் நின்றே பார்த்தோம்.