தீபாவளிக்கு லீவு கிடைக்குமா கேப்டன்? திருத்தங்கலில் இருந்து ஒரு சீனியாரிட்டி கணக்கு!

சிவகாசியை ஒட்டி இருக்கும் திருத்தங்கலில் ஒரு சின்னக் குன்று. அதன் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஸ்ரீதேவி, பூதேவி, நீளாதேவி மூவருக்குள் யார் உயர்ந்தவர் என்று ஒரு பேச்சு எழுந்ததாம். ஸ்ரீதேவி வைகுண்டத்தைவிட்டுக் கிளம்பி, இங்கே வந்து தவம் இருந்தாராம். 'திரு' தங்கிய இடம் என்பதால் ஊருக்குத் திருத்தங்கல் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது.

'யார் சீனியர்?' என்ற கேள்விக்காக வீட்டைவிட்டுக் கிளம்பிய கதை இது. இன்றைக்கும் அதே கேள்விக்காக வீட்டைவிட்டுத் தள்ளி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். விமானம் ஓட்டும் பைலட்கள்!

பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று ஓடும் இந்தப் பகுதியில் இருந்து ஒரு பெண் பைலட் ஆவதாக வைத்துக்கொள்வோம். வியப்பு ஒன்றும் இல்லை. இந்தியாவில் பைலட்களில் சுமார் 15 சதவிகிதம் பேர் பெண்கள். உலக சராசரியைவிட இது மிகவும் அதிகம். பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்து, 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கிவிட்டார். வேலையும் கிடைத்துவிட்டது. அடுத்து வீட்டில் என்ன கேட்பார்கள்? "சம்பளம் எவ்வளவு?" என்பார்கள். அதோடு "எந்த ஊரில் பேஸ்? அந்த ஊர் கிடைக்க எத்தனை வருஷம் ஆகும்?" என்றும் கேட்க வேண்டும்.

பேஸ் என்றால் என்ன?

ஒரு பைலட்டின் வேலை எந்த விமான நிலையத்தில் தொடங்கி, எங்கே முடிகிறதோ, அதுதான் அவருடைய பேஸ். மதுரையில் விமானம் வந்து இறங்குவது வேறு, பைலட்டுக்கு மதுரையில் பேஸ் கிடைப்பது வேறு. பெரிய நிறுவனங்கள் டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை போன்ற பெருநகரங்களில்தான் பைலட்களை அதிகமாக வைத்திருக்கின்றன. திருத்தங்கலில் இருந்து மதுரை விமான நிலையம் ஒன்றரை மணி நேரப் பயணம். தூத்துக்குடி வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26-ல் புதிய முனையமும் திறந்தாயிற்று. பயணிகளுக்கு நல்ல வசதிதான். ஆனால், நம் ஊர்ப் பெண்ணின் பேஸ் டெல்லி என்றால், இந்த விமான நிலையங்களுக்கு அவரும் ஒரு பயணியாகத்தான் வர முடியும்.

சென்னை பேஸ் கிடைத்தால்கூட கணக்கு லேசானது இல்லை. 2025 ஜூலை முதல் பைலட்களுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்தில் இருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவில் சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் சிவகாசி. திரும்பிப் போக இன்னோர் இரவு. அம்மா கையால் சாப்பிட மிஞ்சுவது ஒரு பகல். அதுவும் ரயிலில் சரியாகத் தூங்காமல் போய் விமானம் ஓட்டக் கூடாது என்பதால், எல்லா வாரமும் வர முடியாது.

வரிசையில் உங்கள் நம்பர் என்ன?

சேரும் தேதியை வைத்து ஒவ்வொரு பைலட்டுக்கும் நிறுவனத்துக்குள் ஓர் இடம் உண்டு. யார் முதலில் கேப்டன் ஆவது, யாருக்குப் பெரிய விமானம், யார் கேட்ட ஊர் முதலில் கிடைக்கும், தீபாவளி, பொங்கலுக்கு யாருக்கு லீவு... இவற்றில் எல்லாம் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாமே சீனியாரிட்டி நம்பர்படிதான். நம் ஊரில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். பறந்த நேரம், தேர்வு, நிறுவனத்தின் தேவை எல்லாம் சேரும். ஆனாலும் வரிசை வரிசைதான்.

இதில் இன்னொரு சிக்கல், நிறுவனம் மாறினால் அந்த இடம் கூடவே வராது. 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. 20 வருட அனுபவம் உள்ள கேப்டன் வேறு நிறுவனத்தில் கேப்டனாகவே சேர்ந்தாலும், அங்கே இருக்கும் கேப்டன்கள் வரிசையில் அவர் பொதுவாகக் கடைசி ஆள்தான்.

இரண்டு வரிசை ஒன்றானால்?

2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாயின. பைலட்களின் இரண்டு வரிசைகளை எப்படிச் சேர்ப்பது? இந்தக் கேள்வி பல வருடம் புகைந்தது. புதிதாக வரவிருந்த ட்ரீம்லைனர் விமானத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்களுக்கும் பயிற்சி தருவதை எதிர்த்து, 2012 மே மாதம் ஏர் இந்தியா பைலட்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பதவி உயர்வில் தங்கள் முறை தள்ளிப்போகும் என்பது அவர்கள் பயம். 58 நாள்கள் நீடித்தது அந்தப் போராட்டம். 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு இணைந்தபோதும் 'என் இடம் எங்கே?' என்ற கவலை பைலட்களிடம் எழுந்தது.

வெளியில் இருந்து பார்த்தால் ஈகோ சண்டை போலத் தெரியும். ஆனால், வரிசையில் கொஞ்சம் பின்னால் போனாலே, கேப்டன் ஆவது தள்ளிப்போகலாம். சொந்த ஊர்ப் பக்கம் வருவதும் தள்ளிப்போகலாம். அதற்குள் வீட்டில் அப்பாவுக்கும் வயது ஏறியிருக்கும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டிலும் பைலட் கனவோடு ஒரு பிள்ளை இருந்தால், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் முன்னால் இருப்பவர்களுக்கு என்ன வயது? பைலட் 65 வயது வரை பறக்கலாம். முன்னால் நிற்பவர்கள் எல்லாம் 35 வயதுக்காரர்கள் என்றால், அவர்கள் ஓய்வு பெற்று இடம் காலியாக இன்னும் 30 வருடம்.

புது விமானங்கள் வருகின்றனவா? 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் செய்தன. விமானம் கூடினால் கேப்டன் தேவை கூடும், வரிசை வேகமாக நகரும்.

பேஸ் மாற்றம் கேட்டால் எந்த அடிப்படையில் தருகிறார்கள்? பிடிக்காவிட்டால் உடனே கிளம்ப முடியாது. துணை பைலட் 6 மாதம், கேப்டன் ஒரு வருடம் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும் என்பது 2017-ல் வந்த விதி. கிளம்பினாலும் அடுத்த இடத்தில் மறுபடி கடைசி நம்பர்தான். அதனால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும், நிலையாக நடக்கும் நிறுவனத்தில் சீக்கிரம் சேர்ந்துவிடுவது பல நேரம் லாபமாக முடியும்.

சரி, தீபாவளி லீவு? முதல் சில வருடங்களுக்கு ஆசைப்பட வேண்டாம். நாடே ஊருக்குப் போகும் அந்த நாள்களில் ஜூனியர் பைலட் பெரும்பாலும் வானத்தில்தான் இருப்பார். ஆனால், திருத்தங்கல் பக்கத்து வீடுகளுக்கு இது புதிது இல்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் வரை இங்கே பட்டாசுக் கடைகளில் விற்பனை ஓயாது. பண்டிகை முடிந்த பிறகுதான் பட்டாசு ஆலைகளுக்கு நீண்ட விடுமுறை. பயணிகள் கூட்டம் குறைந்து பைலட் பிள்ளைக்கு லீவு கிடைக்கும்போது, வீட்டில் இருப்பவர்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.