பிள்ளைகளோடு வன்னிப் பாதையில்

புத்தளத்திலிருந்து முல்லைத்தீவு தண்ணீரூற்றுக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு வேனில் போவது லேசான காரியமல்ல. நீங்கள் போவதாயின் சுபஹ் தொழுத கையோடு புறப்படுங்கள். மாற்றுடுப்பைப் பையின் அடியில் வைத்துவிடாதீர்கள். நாங்கள் வைத்தோம். வவுனியா வருமுன்பே கடைக்குட்டி வாந்தி எடுத்துவிட்டான்.

ஓமந்தை, புளியங்குளம் கடந்தும் அழுகை ஓயவில்லை. மாங்குளத்தில் கிழக்கே திரும்புமுன் மர நிழலில் நிறுத்தினோம். மனைவி பால்மா கரைக்க, நான் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதேன். தொழுவிக்கும்போது பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்குவார்கள் என்று எத்தனையோ வருடம் ஓதிக்கொடுத்தவன் நான். அன்றுதான் அது மனதில் இறங்கியது.

மாமியும் கூட வந்திருந்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் அவரும் ஒருவர். என் மனைவியை இடுப்பில் சுமந்து இந்த வன்னிக் காட்டு வழியால் நடந்தவர்.

“அன்று பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் மாமி?”

“சீனித் தண்ணிதான் மகன். போத்தல் ஏது? முந்தானையை நனைச்சு வாயில பிழிஞ்சன்.”

பால் போத்தலை வாங்கிப் பேரனுக்குப் புகட்டினார். ஒட்டுசுட்டான் வரை அவன் அவர் மடியிலேயே தூங்கினான்.