பரிசலும் விராலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, "எனக்கு என்ன எழுதத் தெரியும்?" என்றுதான் முதலில் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கவிதை வராது, அரசியல் வேண்டாம். "உனக்குத் தெரிந்ததை எழுது" என்றார் ஒரு நண்பர். எனக்குத் தெரிந்தது பரிசலில் இருந்துகொண்டு தூண்டில் போடுவது. அதுவும் முழுதாகத் தெரியாது என்பதைக் கட்டுரையின் முடிவில் நீங்களே அறிவீர்கள்.

என் ஊர் பொட்டிபுரம். பெயரைச் சொன்னதும், "நியூட்ரினோ ஊரா?" என்று கேட்பார்கள். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015ஆம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் அளித்ததிலிருந்து எங்களுக்கு வந்த புகழ் அது. மலையைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். நான் எழுதப்போவது தண்ணீரைப் பற்றி. ஆனால் எங்கள் ஊரில் பரிசல் விடும் அளவுக்குத் தண்ணீர் ஏது? போடியைத் தொட்டு ஓடும் கொட்டகுடி ஆறும், முல்லையாறும் மற்ற ஆறுகளும் சேர்ந்து கடைசியில் போய்த் தேங்குகிற இடம் வைகை அணை. அந்த அணையின் நீர்ப்பிடிப்புக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில்தான் என் தாய்மாமன் இருக்கிறார். உரிமம் பெற்று அணையில் வலை போடுபவர். விடுமுறை வந்தால் நான் அங்கே போய்விடுவேன். அம்மா விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போய்விடுவார். இருட்டிய பிறகுதான் இறங்குவார். ஆகவே என்னை மாமா வீட்டில் விட்டுவைப்பது சிறுவயது முதலே வழக்கம். "தண்ணிக்குள்ள மட்டும் போகாதடா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டுவேன்.

மாமாவுக்கு வலைதான் தொழில். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி எல்லாம் வலைக்கு வருபவை. தூண்டில் அவருக்குப் பிரியம். அதிலும் விரால் ஒன்றுக்காகத்தான் கம்பை எடுப்பார்.

முதலில் பரிசலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூங்கில் பத்தைகளைப் பின்னி, அந்தக் காலத்தில் அதன்மேல் தோலைப் போர்த்தினார்கள். பிறகு தார் பூசிய சாக்கும் படுதாவும் வந்தன. இப்போது ஃபைபரில் வார்த்த பரிசல்களும் வந்துவிட்டன. துருவப் பகுதியில் வாழும் எஸ்கிமோ மக்கள் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டிக் 'கயாக்' என்று ஒரு சிறு படகு செய்தார்கள். அமெரிக்காவில் இன்று பிளாஸ்டிக் கயாக்கில் உட்கார்ந்து 'பாஸ்' என்னும் மீனுக்குத் தூண்டில் போடுவது பெரிய பொழுதுபோக்கு. எங்கோ பனியிலும் இங்கே வெயிலிலும் மனிதன் எலும்புக்கூடு போல ஒரு சட்டம் செய்து தோல் போர்த்தித் தண்ணீரில் இறங்கியிருக்கிறான் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. கயாக் நீளமானது, நேராகப் போகும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும் பக்கமே முன்பக்கம்.

புதியவன் துடுப்பைப் பக்கவாட்டில் போட்டுத் தள்ளுவான். பரிசல் ராட்டினம் போலச் சுற்றும். நானும் முதல் நாள் சுற்றினேன். கரையில் நின்ற சிறுவர்கள் சிரித்தார்கள். முன்விளிம்பை ஒட்டி மண்டியிட்டு, துடுப்பை எட்டிப் போட்டுத் தண்ணீரை நம்மை நோக்கி இழுக்க வேண்டும். இடம் ஒன்று, வலம் ஒன்று. தண்ணீரை நாம் இழுத்தால் பரிசல் தண்ணீரிடம் போகும். இவ்வளவுதான் வித்தை. இது என் உடம்புக்குப் பிடிபட இரண்டு விடுமுறைகள் ஆயின.

அடுத்தது காற்று. கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்றை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, காற்றாலைகளே சாட்சி. அடியில் பிடிப்பு இல்லாத பரிசலைக் காற்று சருகுபோலத் தள்ளிவிடும். ஆடியில் வெயில் ஏறிய பிறகு மாமா பரிசலை இறக்கமாட்டார். மற்ற நாட்களிலும் போகும்போது காற்றை எதிர்த்துப் போவார்; களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். தூண்டில் போடும் இடத்தில் பரிசலை நிறுத்த ஒரு சாக்கில் கல்லைக் கட்டி இறக்குவார். போடக்கூடாது, இறக்க வேண்டும். 'தொபுக்'கென்று ஒரு சத்தம் கேட்டால் விரால் அரைமணி நேரத்துக்கு அந்தப் பக்கமே தலைகாட்டாது. பரிசலுக்குள் காலைத் தட்டுவதும், தகர டப்பாவை உருட்டுவதும் அப்படித்தான்.

ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் இரண்டைக் காலியாக மூடிக் கட்டி என் இடுப்பில் மாட்டிவிடுவார். கிணற்றில் நீச்சல் கற்றவன் நான் என்று சொல்லிப் பார்த்தேன். "கிணத்துல சுவரு இருக்கு மாப்ள. இங்க எதப் புடிப்ப?" என்றார். எழுந்து நிற்கவே கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். தங்கூசி நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பது இரண்டாவது.

இனி விரால். மழை பெய்து அணையின் மட்டம் ஏறும்போது (முழு மட்டம் 71 அடி) கரையோரச் சீமைக்கருவேலப் புதர்கள் தண்ணீருக்குள் நிற்கும். விராலின் வீடு அதுதான். ஆழத்தில் அலைந்து இரை தேடும் மீன் அன்று அது. புதர் நிழலில் அசையாமல் கிடந்து, அருகில் வருவதைப் பாய்ந்து பிடிக்கும். ஆகவே புதருக்குள்ளே போகக்கூடாது. இரண்டு மூன்று பாகம் தள்ளி நின்று, புதரின் ஓரத்தை உரசினாற்போல் இரையை இழுக்க வேண்டும். சின்ன ஜிலேபிக் குஞ்சை முதுகில் கோத்துப் போடுவார் மாமா. தவளையைக் கோப்பது பழைய வழக்கம். விலங்கியல் மாணவன் என்ற முறையில் அதை நான் ஆதரிக்கவில்லை. இப்போது கடையில் ரப்பர் தவளை கிடைக்கிறது, விராலுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

எந்தப் புதரில் இருக்கிறது என்று எப்படி அறிவது? இங்கேதான் மாமாவின் கல்வி தொடங்குகிறது. விரால் மூச்சுவிட மேலே வரும். 'ப்ளக்' என்று ஒரு சிறு ஒலி, ஒரு வளையம், பிறகு ஒன்றுமில்லை. அந்த வளையத்தைப் பார்த்துவிட்டால் பொறுத்திருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்துப் பக்கத்திலேயே மறுபடி வரும். இரண்டு வளையங்களைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் தலைவைத்திருக்கிறது என்று மாமா சொல்லிவிடுவார். எனக்கு இது வெறும் அனுபவ அறிவாகத்தான் தோன்றியது. சென்ற ஆண்டு வகுப்பில் மீன்களின் துணைச் சுவாச உறுப்புகளைப் பேராசிரியர் நடத்தினார். விராலின் செவுளுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. அதில் காற்றை நிரப்பிச் சுவாசிக்கிறது. மேலே வரவிடாமல் தடுத்தால் வளர்ந்த விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும் என்றார். வகுப்பில் அனைவரும் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் 'ப்ளக்' என்று காதில் கேட்டது. ஆழத்தில் வலையில் சிக்கிய விரால் ஏன் எப்போதும் செத்தே வருகிறது என்பதும் அன்றுதான் புரிந்தது. அந்த வாரம் மாமாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "இதச் சொல்லவா அங்க சம்பளம் குடுக்குறாக?" என்று சிரித்தார். ஆனால் மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

விரால் இரையை வாங்கியவுடன் வெட்டி இழுத்தால் வெறும் முள்தான் வரும். எண்ணி மூன்று. பிறகு ஒரே வெட்டு, தளரவிடாமல் இழுப்பு. மீன் பரிசலையே இழுத்துத் திருப்பப் பார்க்கும். கம்பை நேர் முன்னால் வைத்திருந்தால் பரிசலும் மீனின் பக்கம் திரும்பிக்கொள்ளும். பக்கவாட்டில் பிடித்தால் விளிம்பு தாழும். மேலே வந்ததும் ஈரத்துணியால் தலைக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். வழுக்கலில் விராலை மிஞ்சியது எதுவுமில்லை.

இன்னொரு சட்டமும் மாமா சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் சில இடங்களில் தண்ணீரின் மேல் செக்கச்செவேல் என்று, குங்குமம் கொட்டினாற்போல் ஒரு திட்டு நகரும். அது விராலின் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகத் திரியும். அதற்கு நேர் கீழே பெரிய மீன் காவல் நிற்கும். "குஞ்சோட இருக்கறதத் தொடாத மாப்ள" என்பார். வேறு விளக்கம் சொன்னதில்லை.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற தீபாவளி விடுமுறையில் மாமா வீட்டில் இருந்தேன். தேர்வுக் கட்டணம் கட்ட நான்கு நாட்களே இருந்தன. என்னிடம் 480 ரூபாய் குறைந்தது. அம்மாவின் கூலி தங்கையின் தீபாவளித் துணிக்குப் போய்விட்டது. மாமாவிடம் கேட்டிருக்கலாம். அவருக்கும் அந்த வாரம் வலையில் ஒன்றுமில்லை; அதனால் கேட்க மனம் வரவில்லை. மறுநாள் காலை அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். நான் பரிசலை எடுத்தேன். இடுப்பில் கேன் கட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு மணி நேரம் ஒரு வளையம்கூடத் தென்படவில்லை. திரும்பலாம் என்றபோது புதருக்கு வெளியே அந்தச் செந்திட்டைப் பார்த்தேன். கல்லைக்கூட இறக்கவில்லை. இரையை அதன்மேல் எறிந்தேன். மூன்று எண்ண அவகாசமே இல்லை. பசித்த விரால் யோசிக்கும். காவல் நிற்கும் விரால் யோசிக்காது. குஞ்சின் அருகில் எது வந்தாலும் கோபத்தில் பாய்ந்து கவ்விவிடும். நான் அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். விளிம்பு தாழ்ந்து அரைக்குடம் தண்ணீர் உள்ளே வந்தது. எப்படி உட்கார்ந்தேன், எப்படி மீனை உள்ளே போட்டேன் என்பது நினைவில் இல்லை.

மூச்சு வாங்கியபடி தண்ணீரைப் பார்த்தேன். செந்திட்டு அதே இடத்தில்தான் இருந்தது. சற்று நேரத்தில் ஓரங்களில் 'சளக் சளக்' என்று ஒலி கேட்டது. ஜிலேபிகள். திட்டு இரண்டானது, பிறகு நான்கானது, பிறகு சிவப்பே தெரியவில்லை. துடுப்பால் தண்ணீரை அடித்து ஜிலேபிகளை விரட்டிப் பார்த்தேன். அதனால் குஞ்சுகள்தாம் இன்னும் சிதறின.

மீன் ஒன்றேகால் கிலோ. கரையில் வியாபாரி 500 ரூபாய் கொடுத்தார். வீட்டுக்குப் போய் மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. கம்பளிக்குள் இருந்தபடி, "ஆணா, பொண்ணா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "படிக்கிறவனுக்கே தெரியலையா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கல்லூரிக்குத் திரும்பிக் கட்டணம் கட்டிய அன்றே நூலகத்தில் தேடினேன். விராலில் இரண்டும் காவல் காக்கும். பெரும்பாலும் ஆண்தான் அதிக நேரம் நிற்கும் என்று படித்தேன். அமெரிக்கப் பாஸ் மீனிலும் கூட்டைக் காப்பது ஆண்தான். ஆண் மீனைத் தூக்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன. அதனால் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பல இடங்களில் அது முட்டையிட்டுக் காக்கும் வசந்த காலம் முடிந்து, ஜூன் பிற்பகுதியில்தான் பாஸ் பிடிக்க அனுமதி. படிப்பறிவில்லாத என் மாமா ஒரு வாக்கியத்தில் சொன்னதை அங்கே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பொங்கல் விடுமுறையில் மறுபடி போனேன். படித்ததை எல்லாம் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப தகப்பனாத்தான் இருக்கும்" என்றார். பிறகு எண்ணெய் கேன்களை எடுத்து வந்து என் இடுப்பில் தாமே கட்டிவிட்டார். அன்று முழுதும் நான் துடுப்புப் போட்டேன். அவர் தூண்டில் போட்டார். கோடையிலும் அப்படியே. கம்பை இன்னும் என் கையில் கொடுக்கவில்லை.